எட்டு நாளில் பாதி

எனக்குக் கோபம் வரும். தைராய்டை வெட்டி எடுப்பதற்கு முன்னாலும் வந்தது, எடுத்த பிறகும் வருகிறது. ஹார்மோன் கோளாறு என்று டாக்டர் சொன்னபோது என் வீட்டுக்காரர் குறுக்கே விழுந்து, "இல்லீங்க டாக்டர், கல்யாணம் ஆனப்பவே இருந்துச்சுங்க" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

பெரியநாயக்கன்பாளையத்தில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் பட்டறை. எரிந்துபோன பம்ப் மோட்டார்கள் வரும். கருகிய செம்புக் கம்பியை உருவிப் போட்டுவிட்டுப் புதுக் கம்பியில் காயில் சுற்றிக் கொடுப்பேன். வீட்டுக்காரர் லேத் ஓட்டுகிறார். ஒரே மகள், அப்போது பிளஸ் டூ. இவ்வளவுதான் குடும்பம். இன்னொருத்தி உண்டு, என் தங்கச்சி. என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள், போத்தனூரில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். அம்மா சீக்கிரம் போய்விட்டதால் அவளுக்குத் தலை பின்னிவிட்டது, பள்ளிக்கூடத்துக்கு அடித்து அனுப்பியது, மாப்பிள்ளை பார்த்தது எல்லாம் நான்.

கழுத்தில் கட்டி வந்தது. புற்றுநோய் என்றார்கள். வெட்டி எடுத்தார்கள். அப்புறம், மிச்சம் மீதி ஒட்டிக்கொண்டிருக்கும், அதற்குக் கதிரியக்க அயோடின் கொடுக்க வேண்டும் என்றார்கள். விஷயம் எளிதுதான். உடம்பில் அயோடின் எங்கே இருந்தாலும் இழுத்துத் தின்பது தைராய்டின் பழக்கம். அந்தப் பழக்கத்தை வைத்தே அதைப் பிடிப்பது. கதிர் வீசும் அயோடினைக் கொடுத்தால் மிச்சமிருக்கும் துணுக்கு அதையும் தின்னும், தின்று சாகும். எலிக்குத் தேங்காய்த் துண்டில் மருந்து வைக்கிறோமே, அந்த வேலை. எலி பசியோடு இருக்க வேண்டும் அல்லவா? அதற்காக இரண்டு வாரம் எனக்கு அயோடின் உப்பு கிடையாது, மீன் கிடையாது, முட்டை கிடையாது, பால் கிடையாது. டீயில்லாமல் இரண்டு வாரம். என் பக்கத்தில் யாரும் வரவில்லை. கதிரியக்கம் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இதற்கு நடுவில் தங்கச்சி முழுகாமல் இருந்தாள். ஒன்பது வருடம் கழித்துத் தங்கிய பிள்ளை. அந்த ஒன்பது வருடமும் அவள் ஏறாத ஆஸ்பத்திரி இல்லை, போகாத கோயில் இல்லை. ஏழாம் மாதத்தில் வளைகாப்பு என்று நாள் குறித்தார்கள். எங்கள் பக்கம் முதலில் வேப்பங்காப்பு போட வேண்டும். வேப்பங்குச்சியை வளைத்து வளையலாகக் கட்டி, பிறந்த வீட்டுப் பெண் கையில் போடுவாள், அதற்கப்புறம்தான் கண்ணாடி வளையல். அம்மா இல்லை, ஆகவே நான். கண்ணாடி வளையல்களைக்கூட அவள் கை அளவு பார்த்து முன்கூட்டியே வாங்கி வைத்துவிட்டேன்.

சிகிச்சை முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் கழித்துத்தான் வளைகாப்பு. அப்படித்தான் நினைத்திருந்தோம். ஆனால் அந்த அயோடின் எங்கிருந்தோ வர வேண்டும். வாங்கி அலமாரியில் வைத்துக்கொள்ளும் மருந்து அல்ல அது, வைத்த இடத்திலேயே குறைந்துகொண்டிருக்கும். வருகிற நாளில் ஆள் படுக்கையில் இருந்தாக வேண்டும். தனி அறையும் காலியாக இருக்க வேண்டும். ஒரு தடவை அறை இல்லை, ஒரு தடவை மருந்து வரவில்லை. தள்ளித் தள்ளி, கடைசியில் வளைகாப்பு, நான் மருந்து சாப்பிட்ட பதினாறாம் நாளில் வந்து நின்றது.

ஈயப் பெட்டியில் கொண்டுவந்தார்கள். இவ்வளவு பெரிய பெட்டிக்குள் ஒரே ஒரு மாத்திரை. கொடுத்த டாக்டர் விழுங்கச் சொல்லிவிட்டுக் கதவருகே போய் நின்று, "தண்ணி நிறையக் குடிங்கம்மா. அடிக்கடி பாத்ரூம் போங்க. ரெண்டு தடவை ஃப்ளஷ் பண்ணுங்க" என்றார். "இது எப்பங்க போகும்?" என்று கேட்டேன். "எட்டு நாள்ல பாதி போயிரும்மா" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

எட்டு நாளில் பாதி. அப்படியானால் இன்னொரு எட்டு நாளில் மீதி. எட்டும் எட்டும் பதினாறு. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அங்கிருந்தே தங்கச்சிக்குப் போன் போட்டேன்.

"பதினாறாம் நாள் நான் சுத்தம் புள்ள. வாரேன்னு உங்கத்தைகிட்டச் சொல்லிரு."

"நெசமாவாக்கா?"

"டாக்டரே சொல்லிப்போட்டாரு" என்றேன். டாக்டர் சொன்னது பாதி, நான் சேர்த்தது பாதி.

மூன்றாம் நாள் ஒரு மீட்டரைக் காட்டிப் பார்த்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வேனில் வீட்டுக்காரர் முன்னால், நான் கடைசி சீட்டில் மூலையில். மொட்டை மாடியில் தகர ஷீட் போட்ட ஓர் அறையும் பக்கத்திலேயே கக்கூசும் இருந்தன. அதுதான் எனக்கு. தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பக்கெட். சாப்பாட்டை மேல்படியில் வைத்துவிட்டு வீட்டுக்காரர் இறங்கிப் போன பிறகு நான் போய் எடுக்க வேண்டும்.

அன்றைக்குச் சாயங்காலமே மகள் கீழ்ப்படியில் வந்து நின்றாள். கையில் ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதம்.

"அம்மா, இதைப் படிச்சியா?"

"இங்கிலீஷ்ல இருக்குது. நீ படி."

"கர்ப்பிணி, கைக்குழந்தை பக்கத்துல இருபத்தொரு நாளைக்குப் போகக்கூடாதுன்னு போட்டிருக்குது."

"பதினாறு நாள்லயே தீந்துபோயிருமே. அப்பறம் எதுக்கு இருபத்தொண்ணு?"

"தீந்துபோயிரும்னு யாரு சொன்னாங்க?"

"எட்டு நாள்ல பாதி, பதினாறு நாள்ல முழுசு. இதைச் சொல்ல ஒரு பிளஸ் டூ வேணுமா?"

அவள் சிரித்தாள். நான் செருப்பைத் தேடினேன். அந்தச் செருப்பையும் யார் மேலும் வீசக் கூடாது என்பது ஞாபகம் வந்து விட்டுவிட்டேன்.

"எட்டு நாள்ல பாதி போகும்மா. அடுத்த எட்டு நாள்ல மீதி இருக்குதுல்ல, அதுல பாதி. பதினாறாம் நாள் கால்வாசி இருக்கும். இருபத்து நாலாம் நாள் அரைக்கால். பாதி பாதியாத்தான் போகும். இதுக்குப் பேரு அரை ஆயுட்காலம்."

"மொத எட்டு நாள் அத்தனை வெசையாப் போனது அப்பறம் எதுக்குச் சோம்பேறி ஆகுது?"

"சோம்பேறி ஆகலை. ஆள் கொறைஞ்சா, போற ஆளும் கொறையும். அவ்வளவுதான்."

எனக்கு ஏறவில்லை. ஏன் ஏறவில்லை என்றும் சொல்லிவிடுகிறேன். இருபது வருடமாக எரிந்த மோட்டார் பார்க்கிறேன். மோட்டார் பழசாகும். வார்னிஷ் காயும், கம்பிக்குக் கம்பி உரசும், சூட்டில் வெந்து வெந்து ஒருநாள் எரியும். பத்து வருட மோட்டாரைக் கொடுத்தால் இது இந்தக் கோடையைத் தாண்டாது என்று கையை வைத்தே சொல்வேன். ஆகவே எட்டு நாள் தாக்குப்பிடித்த அயோடின் பழசாகியிருக்கும், மீதி இன்னும் வேகமாகத்தானே போக வேண்டும்?

இதைச் சொன்னதும் மகள் சிரிப்பதை நிறுத்தினாள். சும்மா சொல்லக் கூடாது, யோசிக்கிற பெண்.

"அணுவுக்குப் பழசு புதுசு கிடையாதும்மா. நேத்து செஞ்ச அயோடினும் எட்டு நாளா இருக்கற அயோடினும் ஒண்ணுதான். அது எத்தனை நாளா இருக்குதுன்னு அதுக்கே தெரியாது. ஒவ்வொரு எட்டு நாளும் போறதுக்கும் இருக்கறதுக்கும் பாதிக்குப் பாதி."

"தேயாதா?"

"தேயாது. இருக்கற வரைக்கும் முழுசா இருக்கும். போறப்ப ஒரே போக்கு. உள்ள ஒரு நியூட்ரான் புரோட்டானா மாறும், ஒரு எலக்ட்ரான் வெளிய பாயும், அது பீட்டா. அதுதான் கட்டியைக் கொல்லுது. கூடவே காமாக் கதிர் வரும், அதுக்குத்தான் நாங்க தள்ளி நிக்கறோம். புரோட்டான் அம்பத்து மூணு இருந்தது அம்பத்து நாலு ஆயிட்டா அப்பறம் அது அயோடினே இல்லை. செனான்."

"செனான் என்ன பண்ணும்?"

"ஒண்ணும் பண்ணாது. யாரு கூடவும் சேராது, சண்டையும் போடாது."

"உங்கப்பன் மாதிரின்னு சொல்லு."

கீழே லேத்திலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தவர், "கேக்குது" என்றார்.

மறுநாள் சாப்பாட்டுத் தட்டோடு ஒரு பை வந்தது. உள்ளே புளியங்கொட்டை, அறுபத்து நாலு. தாயம் ஆடத் தேய்ப்பதுபோல ஒரு பக்கம் கல்லில் உரசி வெள்ளையாக்கியிருந்தாள். கீழிருந்து கத்தினாள்: "ஒண்ணாக் குலுக்கிப் போடு. வெள்ளை மேல விழுந்ததெல்லாம் செனான், எடுத்து ஓரமா வெச்சிரு. கருப்பு விழுந்ததை மட்டும் மறுபடியும் குலுக்கு. ஒரு குலுக்கு எட்டு நாள்."

வேறு வேலை இல்லை. போட்டேன். முதல் தடவை கருப்பு முப்பத்தொன்று. அடுத்து பதினேழு. அப்புறம் எட்டு, மூன்று, மறுபடியும் மூன்று, ஒன்று. அந்த ஒன்று இன்னும் இரண்டு தடவை கருப்பாகவே விழுந்தது. கெட்ட வார்த்தை ஒன்று சொல்லிவிட்டுப் போட்டேன், வெள்ளையானது.

இரண்டாவது குலுக்கில் பதினேழு இருந்ததே, அதுதான் பதினாறாம் நாள். அறுபத்து நாலில் பதினேழு. தரையில் கருப்பாகக் கிடந்தன. அவள் சொன்ன கால்வாசி. யாரும் வாதாட முடியாது.

நான் விடவில்லை. "கண்ணு, உன்ற புஸ்தகத்துல ஒண்ணுக்குப் போறது வருதா?" என்று மேலிருந்து கேட்டேன். தெருவில் போனவர் நிமிர்ந்து பார்த்தார். மகள், "அம்மா!" என்று தலையில் கை வைத்தாள். ஆனால் நான் சொன்னதில் நியாயம் இருந்தது. புத்தகக் கணக்கு டப்பாவில் அடைத்த அயோடினுக்கு. நான் டப்பா இல்லை. நாளைக்கு நாலு லிட்டர் தண்ணீர் குடித்து வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறேன். பதினாறாம் நாள் கால்வாசிகூட இருக்காது, அதைவிட ரொம்பக் குறைவாக இருக்கும். அவள் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு வந்து, "நீ சொன்னது சரிதான்" என்றாள். எனக்கு வெற்றி. உடனே அவளே, "ஆனா இருபத்தொண்ணு இருபத்தொண்ணுதானாம்" என்றாள்.

தங்கச்சிக்கு விஷயத்தைச் சொன்னோம். அன்றே அவள் மாமியார் கூப்பிட்டார். கெட்ட மனுஷி இல்லை. ஒன்பது வருடம் காத்திருந்தவர், நாள் தள்ளிப் போவதில் அவருக்குப் பயம்.

"அஞ்சு நாள்தானுங்களே அம்மணி. ஓரமா நின்னு காப்பைப் போட்டுட்டு ஒதுங்கிக்கங்க. அஞ்சு நாள்ல என்னாயிரப் போகுது?"

"பாத்துச் சொல்றேனுங்கத்தை" என்றேன். யாரிடமும் அப்படிப் பதமாகப் பேசுகிறவள் இல்லை நான். போக வேண்டும் என்ற ஆசைதான் அப்படிப் பேச வைத்தது.

உண்மையைச் சொல்கிறேன், ஒருநாள் முழுக்க, போய்விடலாம் என்றே இருந்தேன். உடம்பில் இருப்பது கொஞ்சம். ஒரு நிமிடம் கிட்டே நின்றால் படுவது அதிலும் கொஞ்சம். அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாமலே போகலாம். அன்று புளியங்கொட்டை ஒன்றில் பிளேடால் கீறி அடையாளம் வைத்தேன். இது எப்போது போகிறது பார்ப்போம் என்று எல்லாவற்றோடும் சேர்த்துக் குலுக்கினேன். முதல் குலுக்கிலேயே போய்விட்டது. மறுபடியும் அறுபத்து நாலையும் போட்டுத் தொடங்கினேன். இந்த முறை அதே கொட்டை கடைசி நாலில் ஒன்றாக உட்கார்ந்திருந்தது. எல்லாம் சேர்ந்து எத்தனை போகும் என்று கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம். கீறிய கொட்டை எப்போது போகும் என்று எந்தக் கொம்பனும் சொல்ல முடியாது. மோட்டார் என்றால் கை வைத்துச் சொல்லுவேன், இது என் கைக்கு அடங்காத சாமான். அந்தப் பிள்ளை விஷயத்தில் குலுக்கிப் பார்க்க நான் தயாரில்லை.

முடிவைச் சொல்வதற்குள் தங்கச்சியே வந்துவிட்டாள். ஒன்பதாம் நாள், காலை பதினொரு மணி. மாடியில் என் துணியை நானே துவைத்துக் காயப் போட்டுக்கொண்டிருந்தேன். ஆட்டோ நிற்கும் சத்தம். எட்டிப் பார்ப்பதற்குள், வயிற்றைத் தூக்கிக்கொண்டு படி ஏறிக்கொண்டிருக்கிறாள்.

"அங்கயே நில்லு!"

"பாதி போயிருச்சுல்லக்கா. ஒரு நிமிஷம் மூஞ்சியைப் பாத்துட்டுப் போயிடறேன்."

"எறங்குடி கீழ!"

அவள் இன்னும் இரண்டு படி ஏறினாள். நான் அறைக்குள் ஓடித் தகரக் கதவைச் சாத்திக் கொண்டி போட்டேன். உள்ளேயிருந்து பேசினேன். எழுதக் கூசுகிற பேச்சு. கூமுட்டை என்றேன். ஒன்பது வருடம் பிள்ளை இல்லாமல் கிடந்ததுகூட உனக்கு உறைக்கவில்லையா என்றேன். உன்னை வளர்த்ததே தப்பு என்றேன். அவளை அசைக்கக் கூடியது எதுவென்று எனக்குத்தான் தெரியும், அதைத் தேடிப் பிடித்துச் சொன்னேன். படியேறும் சத்தம் நின்றது. கதவுச் சந்தில் பார்த்தேன். பாதிப் படியில் உட்கார்ந்து முந்தானையில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். அழுதுகொண்டே உட்கார்ந்தாளே தவிர, எழுந்து போகவில்லை. பிடிவாதமும் நான் வளர்த்ததுதான்.

மகள் ஓடிவந்து அவளைக் கைப்பிடித்து இறக்கினாள். கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். "சித்தி, ரெண்டு மடங்கு தூரம் போனா நாலுல ஒரு பங்குதான் மேல படும். மூணு மடங்கு போனா ஒம்பதுல ஒண்ணு. இங்கிருந்து பேசுங்க, ஒண்ணும் ஆகாது." பிறகு மேலே பார்த்து, "நீ பின்னால செவுத்துகிட்டப் போம்மா" என்றாள். நான் தண்ணீர்த் தொட்டியை ஒட்டிப் போய் நின்றேன். இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடுவே எங்கள் பேச்சு தெரு முழுக்கக் கேட்டது.

"நீ வராட்டி நான் கையை நீட்ட மாட்டேன்" என்று கத்தினாள்.

"நான் வரலை! உங்கத்தையவே போடச் சொல்லு!"

"போட விடமாட்டேன்!"

"சாப்டியாடி?"

"இட்லி!"

"எத்தனை?"

"ரெண்டு!"

"இன்னும் ரெண்டு தின்னா என்ன, கொள்ளையா போகுது?"

பக்கத்து வீட்டு அம்மா சுவரோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்கட்டும்.

அதற்கப்புறம் நடந்ததை வீட்டுக்காரர் போத்தனூர் போய் வந்து சொன்னார். "உன்ற தங்கச்சி ரெண்டு கையையும் முந்தானைக்குள்ள சுத்தி வெச்சுட்டு உக்காந்துட்டா அம்மணி. மாமியார் கெஞ்சறாங்க, மாப்பிள்ளை கெஞ்சறாரு, எடுக்கவே மாட்டேங்கறா." கடைசியில் மாமியாரே இறங்கி வந்து, ஒன்பதாம் மாதத்தில் வேறு நாள் பார்க்கச் சொல்லிவிட்டார். காலண்டரை எண்ணிப் பார்த்த மகள், "அம்பத்தாறாம் நாள்! ஏழு தடவை பாதியாகியிருக்கும். நூத்தி இருபத்தெட்டுல ஒண்ணு" என்று கீழே நின்று குதித்தாள்.

இருபத்தொன்று முடிந்ததும் நான் மாடியிலிருந்து இறங்கினேன். ஆஸ்பத்திரியில், இனி யாரோடும் இருக்கலாம் என்றார்கள். நான்தான் இருக்கவில்லை. மகளைத் தொட்டுப் பேசவே இன்னும் ஒரு வாரம் ஆனது. போத்தனூர்ப் பக்கம் தலை வைத்தும் படுக்கவில்லை.

வளைகாப்பு அன்று மண்டபத்தில் பெரிய கூட்டம், ஏழு வகைச் சாதம். நான் வாசல் வாழை மரத்துக்குப் பக்கத்திலேயே நின்றேன். மாமியார் வந்து, "ஏனுங்க அம்மணி, அங்கயே நிக்கறீங்க?" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனார். நான் வாங்கி வைத்திருந்த கண்ணாடி வளையல் எதுவும் தங்கச்சிக்கு ஏறாது. நாள் தள்ளிப்போன இந்த நாற்பது நாளில் கை உப்பியிருந்தது. வேப்பங்குச்சி மட்டும் அளவு பார்க்காது. செம்புக் கம்பி வளைக்கிற விரல்கள்தானே, அங்கேயே நின்று அவள் மணிக்கட்டைப் பார்த்து உடையாமல் வளைத்து, நுனியை மடக்கிக் கட்டினேன். வட்டம் பிசிறில்லாமல் வந்தது.

ஆனால் போட முடியவில்லை. கையை முழு நீளத்துக்கும் நீட்டி, உடம்பைப் பின்னால் சாய்த்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன்.

"ஏனக்கா, கரண்டா அடிக்கப் போகுது? நீ மோட்டார் கட்டறவதானே?" என்று அவளே என் கையைப் பிடித்து இழுத்துக் காப்பைத் தன் கைக்குள் ஏற்றிக்கொண்டாள். பிறகு என் கையை விடாமல் கொண்டுபோய் வயிற்றின் மேல் வைத்து அழுத்தினாள். உள்ளேயிருந்து ஓர் உதை விழுந்தது. நான் கையை இழுக்கப் பார்த்தேன், அவள் விடவில்லை.

பின்னாலிருந்து மகள் மெதுவாக, "நூத்தி இருபத்தெட்டுல ஒண்ணும்மா. ஒண்ணுக்குப் போனதைக் கழிச்சா அதுகூட இல்லை" என்றாள்.

"வாயை மூடுங்கடி ரெண்டு பேரும்" என்றேன். கையை எடுக்கவில்லை.